எப்போதும் நாலு டிகிரி

1

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்காக வேறு யாரும் சொல்லப் போவதில்லை. ஜமுனாமரத்தூரிலிருந்து காவலூர் போகிற சாலையில் உள்தள்ளி இருக்கிற நம்ம ஊரில் பிறந்து, எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். மஸ்கட்டில் ஒரு மருந்துக் கிடங்குக்குப் பெட்டி தூக்கப் போய், அதே கிடங்கின் சர்வரில் ஓடுகிற புரோகிராமை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதினவன். காலேஜ் வாசலை மிதித்ததில்லை. எனக்கு உதவியாகப் போட்ட இரண்டு இன்ஜினியர்களில் ஒருத்தன் ஆறு மாதத்தில் ஓடினான், இன்னொருத்தன் ஒன்பது மாதத்தில். நான் முப்பத்தொரு வருஷம் நின்றேன். மலையில் பிறந்தவன் இப்படி இன்னொருத்தன் இருந்தால் காட்டுங்கள், மாலை போடுகிறேன்.

ஊர்ச் சங்கத்தார் ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். போன இரண்டு வருஷமும் எழுதினேன். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எல்லாம் நான் ஜெயித்த கதை. இந்த வருஷமும் அப்படி ஒன்றை மனசில் தயாராக வைத்துக்கொண்டுதான் அம்மன் திருவிழாவுக்கு லீவில் வந்தேன். வந்த இடத்தில் நடந்தது வேறு. அதையே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அச்சடிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

மஸ்கட்டில் என் நாள் எப்போதும் ஒன்றுதான். விடிந்ததும் சாமைக் கஞ்சி. சாமை இங்கிருந்து போனதுதான். லீவு முடிந்து போகும்போதெல்லாம் எட்டு கிலோ பெட்டியில் ஏறும். கஸ்டம்ஸில் ஒருமுறை ஒரு பையன் அதைக் கையில் அள்ளிப் பார்த்து, "பறவைக்கா?" என்று கேட்டான். "ஆமாம், இந்தப் பறவைக்குத்தான்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அப்புறம் கம்பெனி வேன். கிடங்கில் நாலு குளிர் அறைகள், உள்ளே இன்சுலின், தடுப்பூசி மாதிரி சூடு ஆகாத மருந்துகள். இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. அந்த நாலு அறையையும் என் புரோகிராம் பார்த்துக்கொள்ளும். திரையில் நாலு கட்டமும் பச்சையாக இருந்தால்தான் வண்டியில் சரக்கு ஏறும்.

ஆனால் என் அடையாள அட்டையில் இன்றைக்கும் 'லோடிங் ஹெல்பர்' என்றுதான் இருக்கிறது. வேலையின் பெயரை மாற்ற வேண்டுமானால் படிப்புச் சான்றிதழ் வேண்டும், அதற்கு மேல் முத்திரை, முத்திரைக்கு மேல் முத்திரை. எட்டாம் வகுப்பில் பாதிக்கு எவன் முத்திரை குத்துவான்? பழைய மேனேஜர்கள் கண்டுகொள்ளவில்லை. புதிதாக வந்தவர் வடநாட்டுக்காரர், நல்ல மனுஷன், ஆனால் காகிதம் பார்க்கிறவர். கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"வயதும் ஆகிவிட்டது, அட்டையில் ஒரு வேலை, செய்வது ஒரு வேலை. மேலிடம் கேட்கிறது. பழைய சர்வர் இந்த மாதத்தோடு நிற்கப் போகிறது. புது சர்வரில், புது முறையில், சொன்ன நாளில் உங்கள் புரோகிராம் ஓடட்டும். இன்னும் இரண்டு வருஷம் இவர் வேண்டும் என்று நானே கடிதம் எழுதுகிறேன். ஓடாவிட்டால் என் கையில் ஒன்றுமில்லை."

அந்தக் கடிதம் இருந்தால் அட்டை புதுப்பிக்கப்படும். இல்லாவிட்டால் அடுத்த மாதக் கடைசியில் நான் அந்த நாட்டில் யாரும் இல்லை. இவ்வளவுதான் விஷயம்.

வீடு, வேலை, ஆறு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரியை அடக்கம் பண்ணின மண், என் மகள் செல்வி, எல்லாம் அங்கேதான். செல்வி அங்கேயே பிறந்தவள். அவளும் இதே தொழில்தான், வேறு கம்பெனி. தமிழ்ச்செல்வி என்று பேர் வைத்தேன். தமிழ் அவளிடம் பாதிதான் நின்றது. சின்ன வயசில் போனில் என் அண்ணனிடம், "பெரியப்பா, நீ நல்லா இருக்கானா?" என்று கேட்டு ஊரே சிரித்தது. அன்றிலிருந்து ஊருக்குப் போன் என்றாலே கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். வேலைக்குப் போனதும் தனி அறை எடுத்துப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை மட்டும் வருவாள், சாப்பிடுவாள், போனைப் பார்ப்பாள், போவாள்.

3

புது முறை என்றேனே, அதைச் சொல்லாவிட்டால் மேலே புரியாது. பயப்பட வேண்டாம், எனக்கே புரிந்த விஷயம் உங்களுக்குப் புரியாதா?

ஒரு பெரிய புரோகிராம் என்பது ஒரே ஆள் இல்லை. பெட்டி எண்ணுகிறவன் ஒருத்தன், வண்டிக்குச் சீட்டு எழுதுகிறவன் ஒருத்தன், சூடு பார்க்கிறவன் ஒருத்தன் என்று பல பாகங்கள். ஒருத்தனுக்கு இன்னொருத்தன் உதவி வேண்டும். பழைய முறையில், வேண்டியவன் தானே போய் சர்வரின் பெயர்ப் பட்டியலில் முழு விலாசம் சொல்லித் தேடி அழைத்து வர வேண்டும். நான் இருபது வருஷம் அப்படித்தான் எழுதினேன்.

புது முறையில் தேடிப் போக வேண்டாம். எந்த உதவி வேண்டுமோ அந்த வரிக்கு மேலே, இமெயில் விலாசத்தில் வருமே, அந்த 'அட்' குறி போட்டு 'இன்ஜெக்ட்' என்று எழுதிவிட்டால் போதும். அதற்கு அனோட்டேஷன் என்று பேர். சர்வர் எழும்போது அந்தக் குறியைப் பார்த்து, பொருத்தமான பாகத்தைத் தானே கொண்டுவந்து உள்ளே வைத்துவிடும். நம்ம பக்கம் அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுகிறோம். அதற்கப்புறம் அந்த வீட்டார் யார் வாசலிலும் போய் நிற்பதில்லை. குறியைப் பார்த்தவர்கள் மோரும் கூழும் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதுதான் இது. இங்கிலீஷ் புத்தகத்தில் நாற்பது பக்கம் சொல்வதை நான் ஒரு வேப்பிலையில் புரிந்துகொண்டேன். மூன்று மாதத்தில் மொத்தப் புரோகிராமையும் குறிகளுக்கு மாற்றினேன், ஒண்டி ஆளாக.

இதில் சூடு பார்க்கிற பாகம் இரண்டு இருந்தது. புது சென்சார் பெட்டி வருவதற்கு முன்னால், மேனேஜருக்குத் திரையைக் காட்டுவதற்காக நான் முதலில் ஒரு பொய்ப் பாகம் எழுதினேன். எந்த அறையைக் கேட்டாலும் அது நாலு டிகிரி என்று சொல்லும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சென்சார் வந்த பிறகு நிஜமாக அளந்து சொல்கிற பாகத்தை எழுதினேன். பெயர் வைப்பதில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு, பிறந்த வரிசைதான். முதலில் எழுதின பொய்யனுக்கு 'மூத்தவன்'. பின்னால் வந்த நிஜத்துக்கு 'இளையவன்'. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்ப் பேர். என் கோப்புகள் எல்லாம் அப்படித்தான். வேறு எவனும் நுழைந்து குழப்ப முடியாது என்று எனக்கு ஒரு பெருமை.

லீவுக்குக் கிளம்புகிற வெள்ளிக்கிழமை செல்வி வந்தபோது திரையைக் காட்டினேன். அபூர்வமாக உட்கார்ந்து பார்த்தாள்.

"அப்பா, இந்த பொய் ஃபைல் உள்ள இருக்கக் கூடாது. வெளிய எடுத்துடுங்க. சர்வர் கன்ஃப்யூஸ் ஆகும்."

"யாருக்குச் சொல்ற? நீ பொறக்கறதுக்கு முந்தியே நான் இந்தக் கம்பெனில கம்ப்யூட்டர தொட்டவன்."

"சரி, டெஸ்ட் ஆவது பண்ணுங்க."

"என் வேல டெஸ்ட்டுக்கு மேல."

எழுந்து போய்விட்டாள். சாப்பிடவில்லை.

4

புது சர்வரை ஏற்றுகிற நாளாகத் திருவிழா நாளையே நான் குறித்துக் கொடுத்தேன். அதில் என் ஆசை ஒன்று இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். நம்ம மலையில் வீட்டுக்கு மூத்தவனுக்குத்தான் கோயிலில் தலைப்பாகை கட்டி முதல் படையலைக் கையில் கொடுப்பார்கள். இளையவன் வானத்தை வில்லாய் வளைத்தாலும் பின்னால்தான் நிற்க வேண்டும். என் அண்ணன் குப்புசாமி சொந்தப் புளியமரத்தை உலுக்கக்கூட ஆள் வைக்கிறவன். கோயிலுக்குக் கூரை போட்டது நான். தலைப்பாகை அவனுக்கு. முப்பது வருஷமாக இது என் தொண்டையில் முள். அதனால் அன்றைக்கு, ஊர் பார்க்க, போனில் ஒரு பொத்தானை அழுத்தி அந்தக் கடலுக்கு அப்பால் இருக்கிற சர்வரை எழுப்பிக் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன்.

ஊருக்குள் சிக்னல் நிற்காது. காலை பத்து மணிக்கு, மஸ்கட்டில் எட்டரை, சாலை வளைவு மேட்டுக்கு நடந்தேன். கூட ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அண்ணனும் வந்தான்.

"இன்னாடா அண்ணாமல, ராக்கெட்டா வுடப் போற?"

"பாத்துக்கினே இருண்ணா."

அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் தடவை அழுத்தினேன். போன் வந்தது. பஷீர். கிடங்கு சூப்பர்வைசர், கேரளத்துத் திரூர்க்காரன், பதினெட்டு வருஷமாக என்னோடு இருக்கிறவன்.

"அண்ணா, சர்வர் எழும்பல. முழுக்க சிவப்பா எழுதி வருது."

"படி."

எழுத்து எழுத்தாகப் படித்தான். புரிந்துவிட்டது. சூடு பார்க்க ஒருத்தன் வேண்டும் என்று குறி போட்டிருக்கிறாய், பொருத்தமாக இரண்டு பேர் இருக்கிறார்கள், யாரைத் தருவது என்று எனக்குத் தெரியாது, ஆகவே நான் எழ மாட்டேன் என்கிறது சர்வர். என் வீட்டுக் கணினியில் சென்சார் பாகத்தைச் சேர்க்காமல் ஓட்டினதால் இது அங்கே தெரியவில்லை. பெண் சொன்னது அப்படியே நடந்திருந்தது.

ஒன்பதரைக்கு வண்டிகள் கிளம்ப வேண்டும். மேனேஜர் பக்கத்திலேயே நிற்கிறார் என்றான் பஷீர். என் போனில் பேச்சு கேட்கிறதே பெரிது, கோப்பைத் திறந்து பார்க்க சிக்னல் இல்லை. அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. 'இன்றைக்குக் கையால் அளந்து ரிஜிஸ்டரில் எழுதி வண்டியை விடுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.' பழைய காலத்தில் தினம் அப்படித்தான் செய்தோம். பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள், அண்ணன் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறான். சொல்லவில்லை.

இரண்டு பேரில் ஒருத்தனை ஒதுக்க வேண்டும். ஒதுக்க வேண்டியவன் தலையில் 'ஆல்டர்நேடிவ்' என்று ஒரு குறி போட்டால் சர்வர் அவனைத் தொடாது, மற்றவனை எடுத்துக்கொள்ளும். யாரை ஒதுக்குவது? என் மூளையில் ஒரே கேள்விதான் ஓடியது, வீட்டுக்குப் பொறுப்பு யார்? வாய் தானே சொன்னது.

"இளையவன் மேல போடு. மூத்தவன் இருக்கட்டும்."

"அண்ணா, மூத்தவன் உள்ளே நாலு புள்ளி பூஜ்யம்னு மட்டும் இருக்கே. வேற ஒண்ணும் இல்லையே?"

"அது தொடக்கத்துக்கு வச்ச எண்ணு. நீ உள்ள படிக்காத பஷீரு, நேரமில்ல. சொன்னதப் போடு."

போட்டான். அவன் மேல் சத்தம் போட்டேன், அதனால் போட்டான்.

சர்வர் எழுந்தது. நாலும் பச்சை. மேனேஜர் போனை வாங்கி, "பிரமாதம் அண்ணாமலை சாப், மாலைக்குள் கடிதம் தயாராகிவிடும்" என்றார். நான் போனைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். ஹிந்தி யாருக்கும் புரியவில்லை, ஆனால் 'சாப்' புரிந்தது.

5

கோயிலில் தலைப்பாகை அண்ணனுக்குத்தான் கட்டினார்கள். அன்றைக்கு எனக்கு வலிக்கவில்லை. பஷீர் திரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். மேட்டிலேயே அது போனில் இறங்கியிருந்தது. பொங்கல் இறக்குகிற இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொருத்தருக்கும் காட்டினேன். இது ஒண்ணாம் ரூம், இது ரெண்டு, இது மூணு, இது நாலு.

அண்ணன் தலைப்பாகையோடு வந்து குனிந்து பார்த்தான்.

"இது இன்னா எண்ணு?"

"உள்ள எவ்ளோ குளிர் கீதுன்னு. நாலு டிகிரி."

"நாலு ரூமுலயும் நாலா?"

"ஆமா."

"புள்ளிக்கு அப்பால முட்ட, அதுவும் நாலுலயுமா?"

"ஆமாண்ணா. அதான் கரெக்டா வச்சிருக்கறது."

"அது எப்பிட்றா?" என்றான். கிண்டல் இல்லாமல், நிஜமாகவே கேட்டான். "சாமைய மூட்ட கட்டி ஒரே அறையில அடுக்குனாலே அடி மூட்டையில கைய வுட்டா ஒரு சூடு, மேல் மூட்டையில ஒரு சூடு. நாலு ரூமு, கதவத் தொறக்கறான், மூடறான், எல்லாம் ஒண்ணு போல எப்பிடி நிக்கும்?"

படத்தைத் திரும்பப் பார்த்தேன். 4.0, 4.0, 4.0, 4.0.

 என் புரோகிராமில் மூத்தவன் பொய்யன், இளையவன்தான் நிஜம் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. முப்பது வருஷம் இளையவன் ஒழைச்சு இந்த வீடு நிக்குது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அவசரத்தில் என் வாயே மூத்தவனை உள்ளே வைத்து இளையவனை வெளியே தள்ளியிருக்கிறது. குளிர் அறையில் என்ன நடந்தாலும் திரை பச்சையாகத்தான் இருக்கும். நெருப்பே பிடித்தாலும் நாலு டிகிரிதான்.

செருப்பைக்கூடத் தேடவில்லை. மேட்டுக்கு ஓடினேன். அறுபத்திரண்டு வயசில் ஓடினேன்.

6

மூன்று தடவை அடித்து நாலாம் தடவை பஷீர் எடுத்தான்.

"கைத் தெர்மாமீட்டர எடுத்துக்கினு நாலு ரூமுக்கும் போ. இப்பவே. போன வைக்காத."

கதவு திறக்கிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. முதல் அறை ஐந்து. இரண்டாவது நாலரை. மூன்றாவது அறையின் கதவு இரண்டு தடவை திறந்து மூடியது.

"பஷீரு?"

"பதினாலு, அண்ணா. மோட்டார் நிக்குது. சத்தமே இல்ல."

"மூணுல இருந்து வண்டிக்கு ஏத்துனியா?"

"ரெண்டு வண்டி. ஒண்ணு நிஸ்வா பக்கம், ஒண்ணு சூர். எல்லாம் பச்சையா இருந்ததே அண்ணா."

அங்கே ஒரு எண்ணம் எனக்கு வந்தது. வந்ததை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. மோட்டார் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. பதிவில் காலை முழுக்க நாலு டிகிரிதான் இருக்கும். குறியை மட்டும் இப்போது மாற்றிவிட்டால், வண்டி போன பிறகு மோட்டார் நின்றது என்று ஆகிவிடும். மாலை கடிதம் வந்துவிடும். கெட்டுப்போன இன்சுலினைப் பார்த்தால் கெட்டது என்று தெரியாது. போட்டுக்கொள்கிறவனுக்குச் சர்க்கரை இறங்காது, அவன் தன் உடம்பைத்தான் குறை சொல்வான்.

என் வீட்டுக்காரி ஏழு வருஷம் இன்சுலின் போட்டுக்கொண்டவள்.

"வண்டிங்கள நிறுத்து," என்றேன். "டிரைவருக்குப் போன் போடு. எறக்குனது ஒரு டப்பா இருந்தாலும் ஃப்ரிட்ஜுல இருந்து வெளிய எடுக்கச் சொல்லு, யாருக்கும் குடுக்கக் கூடாது. மேனேஜர் கிட்ட போனக் குடு."

மேனேஜரிடம் ஹிந்தியில் சொன்னேன். காலையிலிருந்து திரை காட்டினது பொய், மருந்தைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். யார் செய்தது என்று சொல்லவில்லை. அவர் உடனே நாலு பக்கமும் ஆளை விரட்டினார். பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார். சூர் வண்டி வழியிலேயே நின்றுவிட்டது. நிஸ்வா வண்டி ஒரு ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டது, பெட்டிகளைப் பிரிக்கவில்லை, சீலோடு வாங்கிக்கொண்டார்கள். அங்கிருந்த மைல் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணாமலை சாப், கோப்பில் கை வைத்தது பஷீர்தானே? நீங்கள் சொன்னதை அவன் மாற்றித் தட்டிவிட்டானா? அப்படியானால் சொல்லுங்கள். உங்கள் கடிதம் உங்களுக்கு வரும்."

நல்ல மனுஷன் என்று சொன்னேனே. நல்லது செய்வதாக நினைத்துத்தான் கேட்டார். பஷீருக்கு மூன்று பெண்கள், நடுப்பெண்ணுக்கு நிக்காஹ் பேசி முடித்திருக்கிறது. போனில் நாங்கள் பேசினதற்கு அங்கே சாட்சி யாரும் இல்லை. இந்த மலையில் தமிழில் நான் கத்தினது அந்த அலுவலகத்தில் யாருக்குத் தெரியும்?

நான் ஒன்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சிக்னல் போய்விட்டது. போனது சிக்னலா, என் குரலா என்று என்னை இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

அந்த மேட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கீழே மேளம் அடிக்கிறார்கள். போன் திரும்பச் சிணுங்கியது. பஷீர்.

"அண்ணா, எங்கிட்ட இருந்து அட்டை வாங்கிட்டாங்க. ஆபீஸ்ல உட்காரச் சொல்லியிருக்காங்க." அவன் குரலில் கோபம் இல்லை. "நான் தப்பா தட்டிட்டேனா அண்ணா? நீங்க இளையவன் மேல போடுன்னு தானே சொன்னீங்க? எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு."

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பதினெட்டு வருஷம் நான் பேசினதையெல்லாம் சத்தியம் என்று எடுத்துக்கொண்டவன், இப்போது தன் காதையே சந்தேகப்படுகிறான்.

"நீ சரியாத்தான் தட்டுன. நான்தான் தப்பாச் சொன்னேன். நீ கேட்ட, நான் வாய அடைச்சேன். மேனேஜர் கிட்ட போ. போன ஸ்பீக்கர்ல போடு."

எல்லோர் முன்னாலும் சொன்னேன். முப்பத்தொரு வருஷத்தில் அந்தக் கட்டிடத்தில் 'தப்பு என்னுடையது' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. ஹிந்தியில் அதற்குச் சரியான வார்த்தை வரவில்லை. மேரா, மேரா என்று மூன்று முறை சொன்னேன். மேனேஜர், "எழுத்தில் அனுப்புங்கள். இன்றைக்கே, இங்கிலீஷில். அது வந்தால்தான் இவன் அட்டையைத் திருப்பித் தர முடியும்" என்றார். என் கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

7

எனக்கு புரோகிராம் இங்கிலீஷ் தெரியும். கடித இங்கிலீஷ் வராது. இத்தனை நாள் அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. எனக்கு எழுதித்தர யாராவது இருந்தார்கள். இப்போது ஒருத்தி பெயர்தான் ஞாபகம் வந்தது. கிளம்பின நாளிலிருந்து அவள் போன் பண்ணவில்லை, நானும் பண்ணவில்லை.

"அப்பா? ஆபீஸ்ல இருக்கேன். என்ன?"

நடந்ததை முழுக்கச் சொன்னேன். நீ சொன்னது சரி என்றும் சொன்னேன். 'நான் அன்றே சொன்னேனே' என்று அவள் சொல்வாள் என்று காதைக் கெட்டியாக்கி வைத்திருந்தேன். சொல்லவில்லை.

"அந்த மருந்து யாராச்சும் போட்டுட்டாங்களா?"

"இல்ல. எல்லாம் திரும்பிடுச்சி."

மூச்சு விட்டாள். எனக்குக் கேட்டது.

"நான் டைப் பண்றேன். நீங்க தமிழ்ல சொல்லுங்க."

சொன்னேன். பிடிவாதமாகச் சோதிக்காமல் விட்டது, சிக்னல் இல்லாத இடத்திலிருந்து ஏற்றினது, பஷீர் கேட்டும் கேட்காதது. இடையிடையே என் பழைய சாதனைகளையும் சொன்னேன். எண்பது பக்கத்துக்கு ஒரு மனுஷன் ஒண்டியாக எழுதினது என்றெல்லாம். அவள் தட்டுகிற சத்தம் அந்த இடங்களில் நின்று நின்று வந்தது.

"அப்பா, இதெல்லாம் போட்டா பஷீர் அங்கிளுக்கு எழுதின மாதிரி இருக்காது. உங்களுக்கு எழுதின மாதிரி இருக்கும்."

"சரி. எடுத்துடு."

திரும்பப் படித்துக் காட்டினாள், இங்கிலீஷில் ஒரு தடவை, பிறகு அவளுடைய தமிழில். "இன்று நடந்தது என்னால் நடந்தது. பஷீர் நான் சொன்னதை மட்டும் செய்தது. அவர் என்னைத் தடுக்கப் பார்த்தது, நான் கேட்கலை. அவர் மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம்." அவ்வளவுதான். கீழே என் பெயர், என் அட்டை எண், 'லோடிங் ஹெல்பர்'.

"வேலை பேர் அதுதான் போடணும்பா. கார்டுல அதான் இருக்கு."

"போடு."

"இத அனுப்பினா உங்களுக்கு ரினியூவல் ஆகாது. தெரியும்ல?"

"தெரியும்."

ஆபீஸில் யாரோ அவளைக் கூப்பிடுகிறார்கள், ஒரு நிமிஷம் என்று இங்கிலீஷில் சொல்கிறாள். எனக்கு அடுத்த மாதத்துக்கு அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. இந்த ஊரில் எனக்குக் கூரை இருக்கிறது, வேலை இல்லை. அந்த ஊரில் எனக்கு மகள் இருக்கிறாள், கூரை இருக்கப்போவதில்லை. அறுபத்திரண்டு வயசில் எட்டாம் வகுப்புப் பாதியை வைத்துக்கொண்டு எவன் வாசலில் போய் நிற்பேன்?

"அப்பா, நீங்க சொல்லாம அனுப்ப மாட்டேன். நீங்க சொல்லுங்க."

அங்கே அலுவலகத்தில் பஷீர் அட்டை இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"அனுப்பும்மா," என்றேன்.

"போயிடுச்சு," என்றாள். போனை வைக்கவில்லை.